நான் சட்டயர் செய்த நாள்

சட்டயர் என்றால் பொலிஸ் பிடிக்கிற ஒரு குற்றம் என்று நான் நம்பியிருந்தேன். களவு, கசிப்புக் காய்ச்சுவது, அடிதடி, அதற்கு அடுத்த படியில் சட்டயர். சும்மா நம்பவில்லை. ஜெயிலுக்குப் போவதற்கென்று ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு களிசான் போட்டுக்கொண்டு, தோட்டத்து ரோட்டோரம் காத்திருக்கிற அளவுக்கு நம்பினேன்.

போன கிழமை நம்ம பழைய வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் உக்குவளைக்காரி குரல் பதிவு போட்டிருந்தாளே, கேட்டிருப்பீர்கள். மகளுக்கு ஆங்கிலப் பாடமாம். 'சட்டயர்', அதாவது நையாண்டி, என்ற சொல்லை அன்றாடப் பேச்சில் சரியாக வருகிற மாதிரி வாக்கியங்களில் போட்டு எழுதிக்கொண்டு வரச் சொன்னார்களாம். "நம்ம ஜோக்கர்கிட்ட கேளுங்கப்பா, கல்யாண வீட்டு மைக்ல அவன் பண்றது பூரா அதானே" என்று என்னைச் சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நீங்கள் எல்லாரும் பல்லைக் காட்டுகிற பொம்மைகளை வரிசையாகப் போட்டீர்கள். நானும் ஒன்று போட்டேன். ஆனால் என் கை தானாகவே இடுப்புக்குப் போய், எத்தனை களிசான் போட்டிருக்கிறேன் என்று தொட்டுப் பார்த்தது. ஐம்பதைத் தாண்டியும் அந்தச் சொல் என்னை அப்படித்தான் செய்கிறது.

நீங்கள் அன்றைக்குப் பாடசாலை வாங்கில் உட்கார்ந்து கை தட்டியவர்கள். அதோடு வீட்டுக்குப் போய்விட்டீர்கள். மிச்சம் உங்களுக்குத் தெரியாது.

அது ஏலக்காய் காய்கிற காலம். இரத்தோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி மேலே ஏறுகிறவனுக்கு, நம்ம தோட்டம் வருவதற்கு முன்னமே அந்த வாசம் வந்துவிடும். ஈரமும் புகையும் கலந்த, கொஞ்சம் தலையைச் சுற்ற வைக்கிற வாசம். அதற்குள்ளே குடையோடு ஏறி வருவார் நம்ம இங்கிலிஷ் மாஸ்டர். யாழ்ப்பாணத்து மனுசர். வெள்ளைக் களிசானின் அடியை சப்பாத்துக்குள் திணித்திருப்பார், ஆனாலும் அட்டை ஏறியிருக்கும். பாடசாலை விறாந்தையில் நின்று ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்துவிட்டு, "இரத்ததானம் முடிஞ்சுது. பாடத்தைத் தொடங்குவம்" என்பார். நாம் சிரிப்போம். அவர் சிரிக்கமாட்டார். அந்த வித்தையை நான் அவரிடமிருந்துதான் எடுத்தேன். இன்றைக்கும் மைக்கில் அதை வைத்துத்தான் பிழைக்கிறேன்.

அவருடைய முறை ஒன்றே ஒன்று. "ஒரு சாமானைக் கண்டால் மூண்டு காலத்திலயும் சொல்ல வேணும். நேற்று எங்க இருந்தது, இண்டைக்கு எங்க இருக்குது, நாளைக்கு எங்க இருக்கும். விளங்கிச்சுதோ? சொல்லும் பார்ப்பம்."

நாமும் சொன்னோம். நாயைச் சொன்னோம், கங்காணியைச் சொன்னோம், மழையைச் சொன்னோம். நேற்று ரொட்டி மாவாக இருந்தது, இன்று ரொட்டி ரொட்டியாக இருக்கிறது, நாளை ரொட்டி என்று நான் எழும்பித் தொடங்கியபோது, "காணும், இரும்" என்று உட்கார்த்திவிட்டார். ஆனால் அன்று பின்னேரம் அப்பாவைக் கண்டு, "உங்கட பெடியனிட்ட மூளை இருக்கு. மாத்தளைக்கு அனுப்புவம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாத்தளைக்கு அனுப்புவது என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியிருக்கும். தோட்டத்திலிருந்து ஆண்டுக்கு ஒரே ஒரு பிள்ளை. டவுன் பாடசாலை, அங்கேயே விடுதி, சாப்பாடு. யார் போவது என்று தோட்டத்தை நடத்துகிற துரை ஒரு வார்த்தை சொன்னால் சரி. மாஸ்டர் என்னைப் பற்றித் துரையிடம் சொல்லி, துரையும் "பாக்கலாம்" என்று தலையை ஆட்டியிருந்தார். அந்த ஒரு ஆட்டலுக்கே அம்மா என் அலுமினியத் தட்டின் அடியில் ஆணியால் ஒரு மீனைக் கீறிவிட்டாள், விடுதியில் வேறு பிள்ளைகளின் தட்டோடு மாறிவிடக் கூடாதென்று. ஏன் மீன் என்று கேட்டேன். "எனக்கு வேற என்னடா வரையத் தெரியும்?" என்றாள்.

அப்பா தோட்டத்து லொறி டிரைவர். தேயிலைப் பெட்டிகளை மாத்தளை ஸ்டேசனுக்குக் கொண்டுபோவார், உரமும் அரிசியும் கொண்டுவருவார். கிளீனராகப் பின்னால் தொங்கித் தொங்கி வயது போனபிறகு கிடைத்த ஸ்டியரிங் அது. லொறியோடு சேர்த்துத்தான் எங்களுக்கு தேயிலை ஸ்டோருக்குப் பக்கத்தில் குடியிருக்க ஜன்னல் வைத்த காம்பரா கிடைத்தது. லொறி போனால் காம்பராவும் போகும். மறுபடி பள்ளத்து லயத்து வரிசை வீடு, மறுபடி அப்பாவின் கையில் மண்வெட்டி. எங்கள் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டியிருந்தது லொறிச் சாவி. விபூதி இரண்டுக்கும் விழும்.

இனி விசிட்டு நாளைச் சொல்கிறேன். யாராவது பெரிய ஆள் தோட்டத்தைப் பார்க்க வருகிறார் என்றால், விடிந்ததும் அப்பாவின் லொறி துரையின் பங்களாவுக்கும் துரைமார் கிளப்புக்கும் ஏறும். பிரம்புக் கதிரைகள், பூச்சட்டிகள், நீல ஜன்னல் சீலைகள், குழாய் வைத்த மண் ஃபில்டர் எல்லாம் பாடசாலைக்கு இறங்கும். பீப்பாய் பீப்பாயாகத் தண்ணீர் வந்து பின்பக்கத்துத் தாங்கியில் விழும். ஆள் வந்து பார்த்து, ரீ குடித்து, போய்விடுவார். பின்னேரம் எல்லாம் திரும்பி லொறியில் ஏறும். யாரும் இதை ஏமாற்று என்று சொன்னதில்லை. எனக்கு அப்படித் தோன்றவும் இல்லை. திருவிழா அன்று மாரியம்மனுக்கு நகை போட்டு, மறுநாள் கழற்றிப் பெட்டியில் வைக்கிறோமே, அந்த மாதிரி ஒரு காரியம் என்றுதான் நினைத்திருந்தேன். நகையைக் கழற்றிவிட்டீர்கள் என்று அம்மன் யாரிடமாவது முறைப்பட்டதுண்டா?

அந்தத் தடவை வந்தது ஒரு வெள்ளைக்காரம்மா. பாடசாலைகளுக்கு உதவி செய்கிற வெளிநாட்டுக்காரர்கள் முன்பு ஏதோ தந்திருந்தார்கள். தந்தது எப்படிப் பயன்பட்டிருக்கிறது என்று பார்க்க வருகிறாள். ஆதலால் துரை அந்தமுறை மனம் விட்டு அனுப்பியிருந்தார். எந்த விசிட்டுக்கும் வராத ஒரு சாமானும் வந்து இறங்கியது. துரையின் மகளுடைய பூகோள உருண்டை.

நினைவிருக்கிறதா அந்த உருண்டை? பித்தளைக் காலில் சாய்ந்து நின்றது. சுற்றினால் முனகியது. நாமெல்லாம் சுற்றி நின்று, ஒருவரும் தொடாமல், மாஸ்டர் சுற்றச் சுற்றப் பார்த்தோம். அதற்கு ஒரு வாசம் இருந்தது, பழைய வார்னிஷும் பங்களாச் சவர்க்காரமும் கலந்து. இலங்கையைத் தேடிக் காட்டியபோது, "அவ்வளவுதானா?" என்று யாரோ கேட்டீர்கள். யார் என்று மறந்துவிட்டேன். அதற்குள்ளே நம்ம தோட்டம் எங்கே இருக்கும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நன்றியுரை என்னுடையது. மாஸ்டர் எழுதித் தந்து நான் பாடமாக்கியது. துரைக்கு நன்றி, வெள்ளைக்காரம்மாவுக்கு நன்றி, கடவுளுக்கு நன்றி, பிறகு போய் உட்காருவது. அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் மேடையில் ஏறி நின்றபோது, வந்து இறங்கிய இத்தனை சாமான்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லையே என்று எனக்கு மனம் கேட்கவில்லை. தந்ததைப் பெயர் சொல்லி நன்றி சொல்லாவிட்டால் அது என்ன நன்றி? எனக்குத்தான் வாக்கியம் அமைக்கத் தெரியுமே. மூன்று காலத்திலும் தெரியும். அந்த வெள்ளைக்காரம்மா கேட்கட்டும், மாஸ்டர் தலை நிமிரட்டும் என்று சொந்தமாக ஆரம்பித்தேன். சொன்னதெல்லாம் ஆங்கிலத்தில், இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"நேற்று இந்தக் கதிரைகள் கிளப்பில் இருந்தன. இன்று இந்தக் கதிரைகள் எங்கள் பாடசாலையில் இருக்கின்றன. நாளை இந்தக் கதிரைகள் கிளப்பில் இருக்கும். நன்றி, சேர்."

முன் வரிசையில் ஏதோ அசைந்தது. நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

"நேற்று எங்கள் குழாயில் தண்ணீர் இருக்கவில்லை. இன்று எங்கள் குழாயில் தண்ணீர் இருக்கிறது. நாளை எங்கள் குழாயில் தண்ணீர் இருக்காது. நன்றி, சேர்."

வெள்ளைக்காரம்மா கைலேஞ்சியை எடுத்து வாயைப் பொத்தினாள். எனக்கு உற்சாகம் தலைக்கு ஏறிவிட்டது. உருண்டையைக் காட்டிச் சொன்னேன்.

"நேற்று உலகம் பங்களாவில் இருந்தது. இன்று உலகம் எங்கள் பாடசாலையில் இருக்கிறது. நாளை உலகம் பங்களாவில் இருக்கும். நன்றி, சேர்."

அவள் எழும்பி நின்று கை தட்டினாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவள் தட்டியதால் நீங்களும் தட்டினீர்கள். அவள் துரையின் பக்கம் திரும்பி, அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கி, "வொட் எ வொண்டர்ஃபுல் சட்டயர்!" என்றாள். பிள்ளைகளை இவ்வளவு சுதந்திரமாகப் பேசவிடுகிற ஒரு துரையை எங்கும் கண்டதில்லை என்றும் சொன்னாளாம். மனதாரச் சொன்னாள். என் தலையைத் தடவிவிட்டு, சந்தோசமாக ஜீப்பில் ஏறிப் போய்விட்டாள். துரையின் காது இரண்டும் மிளகாய்ப் பழம் மாதிரி இருந்ததை அவள் பார்க்கவில்லை.

உக்குவளைக்காரியே, மகளை ஒரு வாக்கியம் எழுதச் சொல்: அந்தச் சீமாட்டி சட்டயரை ரசித்துவிட்டு வீட்டுக்குப் போனாள். இலக்கணப்படி சரி. வாழ்க்கைப்படியும் சரி.

அப்பா பூச்சட்டிகளை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது பெரிய கிளாக்கர் வந்தார். ஆபீசுக்குப் பெரியவர், துரைக்கு வாய் மாதிரி. நான் அப்பாவுக்குச் சட்டிகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"என்ன டைவர், ஒன் மகன் என்னா பண்ணியிருக்கான் தெரியுமா?"

"நன்றி சொன்னானுங்க ஐயா. எல்லாரும் கை தட்டுனாங்களாம்."

"நன்றியா? சட்டயர்யா அது, சட்டயர்! வெள்ளைக்காரம்மாவே தன் வாயால சொல்லிட்டுப் போயிருக்கு."

அப்பா தொப்பியைக் கழற்றினார். "அதுக்கு எத்தன வருசம்ங்கய்யா?"

"அது தொரை கையில இருக்கு. சாமானெல்லாம் எறக்கிட்டுப் பங்களாவுக்கு வா. லொறிச் சாவியையும் எடுத்துட்டு வா."

அப்பாவுக்கு அந்தச் சொல் தெரியாது. ஆனால் சாவியைக் கொண்டுவரச் சொன்னால் என்ன அர்த்தம் என்று தெரியும். என்னை அடிக்கவில்லை. மிச்சச் சட்டிகளை உடையாமல், வழக்கத்தைவிட மெதுவாக, ஒவ்வொன்றாக வைத்தார். அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

வீட்டில் அம்மாதான் கேட்டாள். "அப்படி என்னத்தடா சொல்லித் தொலச்ச?"

"தேங்ஸ்தான்மா சொன்னேன்."

"அதத் தமிழ்ல சொல்லியிருக்கக் கூடாதா, பாவி? தமிழ்ல சொன்னா ஒருத்தனும் காது குடுத்திருக்க மாட்டானே!"

தோட்டத்து ஆங்கிலக் கல்வி பற்றி அதற்குப் பிறகு எத்தனையோ பேர் பேசக் கேட்டிருக்கிறேன். அம்மா அளவுக்கு ஒருவரும் சொன்னதில்லை.

நான் பக்கத்து வீட்டு அண்ணனிடம் ஓடினேன். கசிப்பு விசயமாக ஒரு இரவு உள்ளே இருந்து வந்தவர். எங்கள் பக்கத்தில் சட்டம் தெரிந்த ஒரே ஆள். சட்டயர் என்றால் என்ன என்று கேட்டேன். தலையைச் சொறிந்தார். "இங்கிலீசுல கேசு போட்டாங்கன்னா பெரிய கேசுதான்டா" என்றார். நானாகப் போய்ச் சரணடைந்தால் அப்பாவை விடுவார்களா என்று கேட்டேன். விடுவார்கள் என்றார். "உள்ள குளிருண்டா. ரெண்டு களிசானா போட்டுக்க. ஒண்ணக் கழட்டச் சொன்னாலும் ஒண்ணு மிஞ்சும்."

இரண்டையும் போட்டேன். சோப்புத் துண்டு ஒன்றைச் சட்டைப் பைக்குள் வைத்தேன். மதகுக்குப் பக்கத்தில், பொலிஸ் ஜீப் எந்தப் பக்கத்தால் வந்தாலும் கண்ணில் படுகிற மாதிரி நின்றேன். இரண்டு களிசானோடு நிற்பது எவ்வளவு சிரமம் என்று போட்டுப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். உட்கார முடியாது. பயத்தில் வருகிற மற்ற அவசரத்துக்கும் அது தோதான உடுப்பு அல்ல.

ஜீப் வந்தது. கையைக் காட்டி மறித்தேன். உள்ளே காக்கி உடுப்பில் இரண்டு பேர். ஓட்டியவர் தலையை வெளியே நீட்டி, "மொகத புத்தா?" என்றார். என்ன மகனே என்று கேட்கிறார். இவ்வளவு அன்பான பொலிசா என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு கையையும் சேர்த்து நீட்டினேன்.

"நான்தாங்க செஞ்சது. அப்பா செய்யல. சட்டயர் நான்தான் செஞ்சது."

அவர் மற்றவரைப் பார்த்தார். மற்றவர் சந்தேகத்தோடு மேலே கம்பியைப் பார்த்தார். "எந்தப் போஸ்ட்டுல? ஒயர் போட்டதா?"

அவர்கள் மின்சாரக்காரர்கள். பங்களாவில் மீட்டர் பார்க்கப் போகிறார்கள். திருட்டு மின்சாரம் எடுத்தவன் ஒருவன் தானாக வந்து மாட்டுகிறான் என்று நினைத்து, விசாரித்து, நான் சொன்னது ஒன்றும் விளங்காமல், கடைசியில் அழுகிற பிள்ளையை ரோட்டில் விடவும் மனமில்லாமல், "சரி, ஏறு" என்றார்கள். நான் கைது செய்யப்பட்டேன் என்ற நிம்மதியோடு பின்சீட்டில் ஏறி, உட்கார முடியாமல் நின்றுகொண்டே போனேன்.

பங்களா விறாந்தையில் துரை சாய்மனைக் கதிரையில் இருந்தார். பெரிய கிளாக்கர் பக்கத்தில் நின்றார். மாஸ்டர் தூணோரம், குடையின் பிடியை இறுக்கிக்கொண்டு. அப்பா படிக்குக் கீழே, ஒரு கையில் தொப்பி, ஒரு கையில் சாவி. மின்சாரக்காரர்கள் என்னை இறக்கிவிட்டு மீட்டர் இருக்கிற பின்பக்கத்துக்குப் போய்விட்டார்கள். நான் பூச்செடி ஓரமாகவே நின்றுவிட்டேன்.

மாஸ்டர் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார். எவ்வளவோ சொன்னார். எனக்குப் பிடிபட்டது இரண்டு வாக்கியம்தான். "இற் இஸ் நொட் எ சட்டயர், சேர். த போய் இஸ் எ ஃபூல்." அது சட்டயர் இல்லை, பையன் ஒரு முட்டாள். அந்தச் சொல்லை ஒருவர் அன்றாடப் பேச்சில் சரியாகப் பயன்படுத்தி நான் கேட்ட முதல் வாக்கியம் அதுதான். பிறகு என்ன நினைத்தாரோ, எல்லாருக்கும் விளங்கட்டும் என்று தமிழிலும் சொன்னார். "மோட்டுப் பெடியன், சேர். நான் வகுப்பில படிப்பிச்ச மூண்டு காலத்தையும் கொண்டுவந்து கொட்டிப்போட்டான்."

துரை சிங்கள ஆள். தமிழ் பேசுவார், தோட்டத்தில் பழகின தமிழ்.

"மாஸ்டர், போன மாசம் என்ன சொன்னது? இந்தப் பையன் கெட்டிக்காரன், மாத்தளைக்கு அனுப்ப வேணும் சொன்னது. இப்ப மோடயா சொல்றது. ரெண்டுல எது?"

மாஸ்டர் குடையைக் கை மாற்றிப் பிடித்தார்.

"கெட்டிக்காரன்னா, தெரிஞ்சிதான் பேசினது. தெரிஞ்சி பேசினதுன்னா, யாரோ சொல்லிக் குடுத்தது. சாமான் ஏத்தி எறக்கினது யாரு?" அவருடைய கண் அப்பாவின் கையிலிருந்த சாவிக்குப் போனது. "டைவர்?"

அப்போதுதான் பெரிய கிளாக்கர் என்னைக் கண்டார். "இந்தா நிக்கிறானே!" என்று காதைப் பிடித்து முன்னுக்குக் கொண்டுவந்தார். துரை என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். மேல் களிசானின் கீழே உள் களிசான் தொங்கிக்கொண்டிருந்தது.

"அது என்ன, ரெண்டு களிசான்?"

"ஜெயிலுக்குங்க, தொரை."

"ஏன் ஜெயில்?"

"சட்டயர் செஞ்சதுக்குங்க."

துரை சிரித்துவிட்டார். கதிரை ஆடச் சிரித்தார். கிளாக்கரும் சிரித்தார், துரை சிரிப்பதால். மேடையில் எனக்குக் கிடைத்ததைவிடப் பெரிய சிரிப்பு. என் தொழிலின் முதல் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிரித்து முடிந்ததும் துரை கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தார்.

"நீ சொல்லு. இது மோடயாவா, கெட்டிக்காரனா?"

மாஸ்டர் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். வேண்டாம் என்கிற மாதிரியா, சொல்லிவிடு என்கிற மாதிரியா, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தண்ணீர்த் தாங்கி நிரம்பி எங்கோ வழிந்துகொண்டிருந்தது, பங்களாவில் எப்போதும் கேட்கிற சத்தம்.

"நான் பெத்தவனுங்க, தொரை. எனக்குத் தெரியாதுங்களா?" அப்பாவின் குரல் மிக மரியாதையாக இருந்தது. "அவன் மக்குங்க. வாத்தியாரையா பாவம் பாத்து ஏதோ சொல்லிட்டாரு. கடைக்கு அனுப்புனா சாமானையும் மறந்து பையையும் மறந்துட்டு வருவான். மாத்தளைக்கெல்லாம் லாயக்கில்லீங்க. நானே வந்து சொல்லணும்னுதான் இருந்தேன்."

அப்பா என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. சாவியைப் பார்த்துச் சொன்னார்.

ஆங்கிலத்தில் ஒரு ஃபூல், யாழ்ப்பாணத்தில் ஒரு மோட்டுப் பெடியன், சிங்களத்தில் ஒரு மோடயா, எங்கள் வீட்டில் ஒரு மக்கு. ஒரே பின்னேரத்தில், ஒரே விறாந்தையில், நாட்டின் எல்லா மொழிகளும் ஒற்றுமைப்பட்டு ஒரு முடிவுக்கு வந்ததை என் வாழ்நாளில் வேறெங்கும் நான் காணவில்லை.

"சரி, சாவி வச்சுக்கோ" என்றார் துரை. "போ."

மூன்று பேரும் இறங்கி வந்தோம். குறுக்குப் பாதை பிரிகிற இடத்தில் மாஸ்டர் நின்றார். "டிரைவர், உங்கட பெடியனை நான்" என்று தொடங்கிக் குடையால் புல்லைத் தட்டினார்.

"விடுங்கையா" என்றார் அப்பா. "லொறி இருக்குல்ல. அது போதுங்க."

அந்தப் பாடசாலைத் தவணை முடியுமுன்னே மாஸ்டர் வேறு இடத்துக்கு மாற்றம் வாங்கிக்கொண்டு போனார். நமக்குப் பிரியாவிடைகூட வைக்கவில்லை. அதன் காரணம் உங்களில் பலருக்கு இன்றைக்குத்தான் விளங்கியிருக்கும்.

ஒரு தடவை சொல்லிவிட்டால் முடிகிற காரியமாக அது இருக்கவில்லை. சொன்னதைக் காப்பாற்றவும் வேண்டியிருந்தது. ஸ்டோர் முற்றத்தில் பெரிய கிளாக்கர் கண்ணில் பட்டால் அப்பா எனக்குக் கேட்கிற மாதிரி, அவருக்கும் கேட்கிற மாதிரி, "டேய் மக்கு, அந்தக் கயித்த எடு" என்று கத்துவார். யாரும் இல்லாத நேரத்திலும் பிறகு பிறகு அதே பெயர் வந்துவிட்டது. துரையின் கார் வந்தால் நான் வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு நிற்கப் பழகினேன். தொப்பியைத் தலைகீழாகப் போட்டுக் காட்டுவேன். துரை கண்ணாடியை இறக்கி, "எத்தன களிசான் இன்னைக்கி?" என்று கேட்பார். "மூணுங்க தொரை!" என்பேன். அவர் சிரித்துவிட்டுப் போவார். அப்பா லொறிக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார். என்னை ஜோக்கர் என்கிறீர்களே, அது எப்போது தொடங்கியது என்று யாரும் கேட்டதில்லை.

இப்போது யோசித்தால் எல்லாரிலும் பெரிய பிழையை விட்டவள் அந்த வெள்ளைக்காரம்மாதான் என்று படுகிறது. அவள் கெட்டவள் அல்ல. எங்கள் துரையைத் திட்ட ஒரு தோட்டத்துப் பிள்ளைக்குத் துணிச்சல் இருக்கிறது என்று நினைத்து மகிழ்ந்தாள். அந்தப் பிள்ளை உண்மையிலேயே நன்றி சொல்கிறான், ஒரு நாளைக்குத் தண்ணீர் வந்ததற்கு அவனுக்கு உண்மையிலேயே சந்தோசம் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. அதைத் தாங்கிக்கொள்வதைவிடச் சிரிப்பது அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். துரைக்கும் அப்படித்தான். நான் நக்கல் அடித்தேன் என்றால் ஒரு ஆளைத் தண்டித்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். நான் நன்றி சொன்னேன் என்றால் அவர் என்ன செய்வார்?

உக்குவளைக்காரியே, மகள் கேட்டால் இதையும் எழுதச் சொல்: சொல்கிறவன் நினைக்காவிட்டாலும், கேட்கிறவன் குற்றவாளியாக இருந்தால் அது சட்டயர் ஆகிவிடும். ரீச்சர் பிழை போடுவார். போடட்டும்.

விறாந்தையில் சொன்னதைப் பற்றி அப்பாவை நான் ஒருநாளும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கோபம் இருந்ததா என்றால் இருந்தது. நெடுங்காலம் இருந்தது. என் பிள்ளைக்காக ஒரு இடத்தில் நானும் வாய் கூசாமல் ஒரு பொய் சொல்லவேண்டி வந்தபோது குறைந்தது. போகவில்லை, குறைந்தது. கிளாக்கர் மகனே, நீயும் இந்தக் குழுவில் இருந்து இதை வாசிக்கிறாய் என்று தெரியும். உன்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. நீயும் அன்றைக்கு வாங்கில் இருந்து கை தட்டினவன்தான்.

தை மாதம் மாத்தளை விடுதிக்குப் போனது பெரிய கிளாக்கரின் மகன். அவனுடைய தகரப் பெட்டியை அப்பாதான் லொறியில் கொண்டுபோனார். பெட்டி கனம் என்பதால், இறக்கிக் கொடுக்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.